மஞ்சள் துணியில் முடிந்த காசு

அன்பு மகன் காதருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். என் முழங்கால் அதை ஒப்புக்கொள்ளாது, அவள் கண்ணும் ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் கடல் தாண்டிப் போகிற காகிதத்தில் முழங்காலுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு இடம் கொடுப்பது. உன் கடிதம் வந்தது. கடையில் வைத்து ஒரு தடவை படித்தேன், வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்காக ஒரு தடவை படித்தேன். பினாங்கிலேயே நிக்காஹ் பேசி முடித்திருப்பதையும், பெண் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்பதையும், கடைக்கு மேலேயே வீடு எடுத்திருப்பதையும் எழுதியிருந்தாய். எங்களுக்குச் சந்தோஷம்தான். கடைசியில், காசுப் பெட்டியைத் தளவாய்புரத்து ஜவுளிக்காரர் அடுத்த கப்பலில் வரும்போது கொடுத்து அனுப்புங்கள், இனிமேல் நானே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி. அதோடு கடிதம் முடிந்துவிட்டது. நான் மடித்து வைத்த பிறகும் உன் அம்மா என் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். "பெட்டியக் கேட்டிருக்கான், சரி. வாரேன்னு ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டாள். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பெட்டி உன்னுடையது, அதில் தகராறு இல்லை. நீ கேட்காவிட்டாலும் ஒருநாள் உன்னிடம்தான் வந்திருக்கும். ஆனால் பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டு, அதைப் பேணும் பக்குவத்தைச் சொல்லாமல் விட்டால், ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குப் பிணங்கின கதையாகிவிடும். எல்லாம் எனக்குத் தெரியும் அத்தா என்பாய். உனக்குத் தெரிந்தது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பிள்ளைக்குத் தெரிந்தது. ஒரு வீட்டை நடத்தப் போகிறவனுக்கு அது போதாது. ஆகையால் பொறுமையாகப் படி. உன் வீட்டுக்காரியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பழங்காசுக்கு வருகிற ஆபத்தில் பாதி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

நம் கடைக்குப் புதுப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் பழைய செம்பையும் பித்தளையையும் கொண்டுவந்து எடைக்குப் போடுவார்கள் அல்லவா, ஓட்டைக் குடமும் நசுங்கின போணியுமாக. அந்தக் குவியலில் எப்போதாவது உழவில் கிடைத்த பழங்காசும் சேர்ந்து வரும். பட்டறைக்கு உருக்கப் போகுமுன் நான் குவியலைக் கிளறி அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுவேன். முதலாளி குப்பை கிளறுகிறார் என்று கடைப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒன்றில் காளை நிற்கும், ஒன்றில் இரண்டு மீன் இருக்கும், ஒன்றில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. எவனோ ஒருவன் இதை மடியில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போயிருப்பான், பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கியிருப்பான் என்று நினைத்தால் உலையில் போட மனசு வராது. அதைத் தவிர இந்தச் சேகரத்துக்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. யாராவது அங்கே துரைமார் கேட்டால் நீ பெரிய காரணமாக ஏதாவது சொல்லிக்கொள்.

கூமாப்பட்டிச் சம்சாரி ஒருவர் ஒரு கலயம் கொண்டுவந்தாரே, அது உனக்கு நினைவிருக்கும். கலப்பை பட்டுப் பிளந்த சின்னச் செப்புக் கலயம். உள்ளே காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைக் கட்டியாகக் கிடந்தன. "ராவுத்தரே, கொழுவுல மாட்டி வந்துச்சு. உள்ள என்னமோ கெடக்கு. அம்புட்டையும் சேத்து எடையில போட்டுக்கிரும்" என்றார். அய்யா, இது காசு, வீட்டில் வைத்துக்கொள்ளும் என்றேன். "காசுன்னா செல்லணும்ல? இதக் கொண்டுபோயி எந்தச் சந்தையில நீட்ட? ஒரு நல்ல குடமாக் குடும், அவ தண்ணிக்குக் கெடந்து அல்லாடுதா" என்றார். கடையிலேயே கனமான குடத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கட்டியை நான் உடைக்கவில்லை, தட்டவில்லை, இரும்பு கொண்டு நெம்பவில்லை. மழைத்தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, தானாக நெகிழும் வரை காத்திருந்தேன். நெகிழ்ந்த பிறகு மூங்கில் சிராயால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஓதப் போய்விட்டு வந்ததும் வராததுமாக நீ அந்தத் தட்டத்தின் முன்னால் வந்து குந்திக்கொள்வாய். இன்னும் விடவில்லையா, இன்னும் விடவில்லையா என்று கேட்டு என் பிராணனை வாங்குவாய். ஒட்டிப்போன எதையும் அவசரப்பட்டுப் பிரிக்காதே, மகனே. இது காசுக்கு மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கட்டியின் நடுவில்தான் அரபு எழுத்துக் காசு இருந்தது. மற்றதெல்லாம் காளையும் மீனும், இது ஒன்று மட்டும் எழுத்து. எனக்கு அந்த எழுத்து ஓதத் தெரியுமே தவிர, உடைந்தும் வளைந்தும் கிடந்தால் கூட்டத் தெரியாது. நீ அதன் மேல் விரலை வைக்காமல், காற்றிலேயே விரலை ஓட்டி, "ஸீன், லாம், தோ..." என்று கூட்டிக்கொண்டே வந்து, "அத்தா, சுல்தான்!" என்று கத்தினாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். நம் கூமாப்பட்டி மண்ணுக்குள் ஒரு சுல்தான் இத்தனை காலம் படுத்திருந்தான், அவனை என் பிள்ளை பெயர் சொல்லி எழுப்பினான் என்று எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஓதிக்கொடுக்கிற லெப்பையிடம் காட்ட வேண்டும் என்று மறுநாள் நீ அதை எடுத்துக்கொண்டு போனாய். நீ போன அந்தக் காலையில்தான் வீட்டில் அந்த அநியாயம் நடந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம். வீட்டிலுள்ள செம்பு, பித்தளை எல்லாவற்றையும் புளி போட்டு மினுக்குகிற சமயம். நான் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். முற்றத்தில் பாய் விரித்து, அதன் மேல் புத்தம் புதுசாக, செக்கச் செவேலென்று என் காசுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. உன் அம்மா கை நிறையப் புளியும் சாம்பலுமாக நின்று, நான் மகிழ்ந்து போவேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். "எம்புட்டு அழுக்குங்க! தேச்ச பொறவுதான் தெரியுது, மீனுக்குக் கண்ணெல்லாம் இருக்கு" என்றாள். மீனுக்கு இருந்த செதில் போய்விட்டிருந்தது. நூறு நூறு வருஷமாக மண்ணுக்குள் இருந்து செம்பு தனக்குத்தானே போர்த்திக்கொண்ட தோல் அது. கெட்டியான கரும்பச்சை. அது அழுக்கு இல்லை. அதை உரித்துவிட்டால் காசு பச்சை உடம்போடு நிற்கும், பிறகு படுகிற காற்றெல்லாம் அதற்குப் புண்தான். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "பாத்திரக் கடைக்காரர் பொண்டாட்டி செம்பப் பச்சையா வச்சிருந்தா ஊரு என்னங்கும்? வாரவுக போறவுககிட்ட எல்லாம் மொகம் பாக்கலாம், மொகம் பாக்கலாம்னு மினுக்கிக் காட்டி விக்கிறது நீங்கதானே?" விற்கிறது நானேதான். ஆயுள் முழுதும் பளபளப்பை விற்றுச் சாப்பிட்டவன். சாப்பிடாமலே கடைக்குத் திரும்பிப் போனேன். நீ கூட அம்மா பக்கம்தான் பேசினாய்.

ஆகவே உன் வீட்டுக்காரியிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடு. புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், சாம்பல், செங்கல் பொடி எதுவும் வேண்டாம். தூசி இருந்தால் வாயால் ஊதக்கூடக் கூடாது, எச்சில் தெறிக்கும். மெல்லிய மயிர்த்தூரிகையால் தட்டிவிட்டால் போதும். இதையெல்லாம் அவள் தெரியாமல் செய்துவிட்டால் என்னைப் போல ஏசாதே. பளபளப்பாக்கித் தருவது உனக்குச் செய்கிற பிரியம் என்று நினைத்துத்தான் செய்திருப்பாள். உரிந்த தோல் திரும்ப வராது, ஏசின சொல்லும் அப்படித்தான். உன் அம்மா அதற்குப் பிறகு அந்தக் காசுகளைத் தொட்டதே இல்லை. பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திவை என்றால்கூட, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நீங்களே நகர்த்துங்க என்பாள். எனக்கு அது வேண்டியதாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

காசை எடுக்கும்போது முகத்தைத் தொடாதே, விளிம்பில் பிடி. கீழே ஒரு மெத்தென்ற துணியை விரித்துக்கொண்டு எடு, நழுவினாலும் அடிபடாது. கையைக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு எடு. தலைக்கு எண்ணெய் வைத்த கையும் சோறு தின்ற கையும் காசுக்கு ஆகாது. நம்பாவிட்டால் ஒரு சாட்சி சொல்கிறேன். ஒரு பெருநாளுக்கு உனக்கு ராணி தலை ரூபாய் ஒன்று கொடுத்தேன். புத்தம் புது ரூபாய். நெய்ச்சோறு தின்ற கையோடு நீ அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாய், பிறகு என்னிடமே பத்திரமாக வையுங்கள் என்று கொடுத்துவிட்டாய். நாளாக ஆக அந்த விரல் ரேகை ராணியின் கன்னத்தில் கருப்பாக எழும்பி வந்துவிட்டது. சின்ன விரல். அதைப் போக்குவதற்கு எனக்கு வழி தெரியும், போக்கவில்லை. இப்போது ராணி போய் ராஜா தலை வந்துவிட்டது, கிரீடம் இல்லாத வெறும் தலையைப் பார்த்து இது செல்லுமா என்று சந்தைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பெட்டிக்குள் அந்த ராணி ரூபாயைத் தேடாதே. அதை நான் வைத்துக்கொண்டேன்.

பெட்டியைப் பற்றி. முதலில் நான் செய்த பெட்டி உனக்கு ஞாபகம் இருக்காது. ஈரம் காயாத புதுப் பலகை, மேலே வார்னிஷ், உள்ளே கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, ஒட்டுவதற்குப் பசை. ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. வெள்ளி கருத்தது, பசைக்குப் பூச்சி வந்தது, கஞ்சி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டது. அப்போதுதான் உன் அம்மா பிறந்த வீட்டில், ராஜபாளையத்தில், பழைய கதவைக் கழற்றிப் போட்டார்கள். அங்கே பக்கத்திலிருந்த தச்சர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், "கொத்ததி வத்து, புதுசு வேண்டாம், ராவுத்தரே. புதுப் பலகை மூச்சு விடும். இது விட வேண்டிய மூச்செல்லாம் விட்டு முடிச்ச பலகை" என்று அந்தக் கதவையே அறுத்துப் பெட்டி செய்து கொடுத்தார். தட்டு தட்டாக, ஒவ்வொரு காசுக்கும் அதனதன் அளவில் ஒரு குழி. வார்னிஷும் பசையும் கிடையாது. குழிகளில் போட்டிருக்கும் துணி, கஞ்சி போக வேகவைத்து அலசின மல் துணி, அது பழசானால் நீயும் அப்படியே செய்து போடு. ஒவ்வொரு குழிக்கு அடியிலும் ஒரு துண்டுச் சீட்டில் அது எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறேன். தேவதானம், கூமாப்பட்டி, சேத்தூர் என்று. சீட்டை மாற்றிப் போட்டுவிடாதே. ஊர் பெயர் தெரியாமல் போனால் காசு அநாதை மாதிரி ஆகிவிடும்.

உன் ஊர் கடற்கரை. எனக்குப் பெரிய கவலை அதுதான். உப்புக் காற்று பழஞ்செம்புக்கு எமன். கடையில் கண்ணாடி வைத்து அதற்குள் பரப்பி வைக்க நினைத்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடு, நாலு பேர் வேடிக்கை பார்க்க அது பொம்மை இல்லை. வீட்டுக்குள், வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து தூக்கி வை. அடித்தட்டில் அடுப்புக்கரியைக் காயவைத்துத் துணியில் கட்டிப் போட்டிருக்கிறேன், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அடிக்கடி எடுத்து வெயிலில் போட்டுத் திரும்ப வை. செம்பையும் வெள்ளியையும் ஒரே தட்டில் சேர்க்காதே. தோல் பைக்குள் போடாதே. எந்தக் காசிலாவது வெளிறின பச்சையில் மாவு மாதிரி பூத்தால், அது தோல் இல்லை, நோய். தொட்டால் உதிரும். உடனே அதை மட்டும் தனியாகப் பிரித்து வை, இல்லாவிட்டால் பக்கத்துக் காசுக்கும் தொத்தும். இந்த நோயை நான் எங்கே பார்த்துப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நீ புறப்பட்ட அன்று விருதுபட்டி வரைக்கும் வண்டியில் வந்து, உன்னை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து, கை ஓடவில்லை என்று பெட்டியைத் திறந்தேன். சுல்தான் காசு இருந்த குழி காலி. புளிக்குத் தப்பின ஒரே காசு அதுதான், நீ லெப்பையிடம் காட்ட எடுத்துப் போயிருந்ததால் தப்பியது. மண்ணிலிருந்து வந்த தோலோடு இருந்ததும் அது ஒன்றுதான். காலிக் குழியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நீதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய், ஊர் நினைப்புக்கு ஒன்று கூடவே இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப் போனேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். உள்வீட்டு உத்தரத்து ஆணியில் ஒரு மஞ்சள் முடிச்சு தொங்கியது. பயணம் போன பிள்ளை நல்லபடி திரும்ப வேண்டும் என்று நாகூருக்கு நேர்ந்து, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது நம் பெண்களுக்கு வழக்கம். போனவன் வந்து தன் கையால் அவிழ்த்து, தர்காவுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்குமே இது உண்டு. நேருகிற இடம் மாறும், மஞ்சள் மாறாது.

"ஏட்டி, அந்தச் சுல்தான் காசு எங்க?" என்று கேட்டேன்.

"முடிஞ்சு வச்சிருக்கேன்."

"வீட்டுல காலணா கெடக்கு, அரையணா கெடக்கு. அதுல ஒண்ண முடிஞ்சா ஆகாதா?"

"அதெல்லாம் ராணி காசு. இதுல அரபு எழுத்து இருக்கு. ஆண்டவன் பேரு."

"அது ஆண்டவன் பேரு இல்ல. எவனோ ஒரு ராசா பேரு."

"எந்த ராசாவா இருந்தா என்ன? எம்புள்ள வாசிச்ச எழுத்து. அது போதும்."

காசைத் தொடவே மாட்டேன் என்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், தொட்ட ஒரே காசு அதுதான். அதையும் மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணி காய்வதற்கு முன்பே சுருட்டி முடிந்திருக்கிறாள். ஈரமும் மஞ்சளும் செம்பை என்ன செய்யும் என்று எனக்குத்தானே தெரியும். அவிழ்த்து, காய்ந்த துணியில் மறுபடி முடி என்று கெஞ்சினேன். அவிழ்த்து முடிந்தால் அது வேறு நேர்ச்சை என்றாள். லெப்பையிடம் போய்க் கேட்டேன். நிய்யத்துதான், மனசில் வைத்த எண்ணம்தான் பெரிது, காசு எதுவானால் என்ன, மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்குச் சாதகமாகத்தான் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். "லெப்பைக்கு எத்தன புள்ள கப்பலேறிருக்கு?" என்று கேட்டாள். அதோடு வழக்கு தள்ளுபடி.

மழைக்காலந்தோறும் நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். முதலில் மஞ்சளில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. அடுத்த ஐப்பசியில் அது காசளவு ஆயிற்று. பிறகு கருத்தது, ஓரத்தில் வெளிறின மாவு கசிந்தது. அந்த நோயை நான் படித்தது அங்கேதான். தினமும் விடிகாலைத் தொழுகை முடிந்ததும் உன் அம்மா கையை உயர்த்தி அந்த முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள். அவளுக்குக் கண் மங்கத் தொடங்கின பிறகு தொடுவது கொஞ்சம் கூடிப்போயிற்று. போன மழையில் துணி இற்று நூலாகத் தொங்க ஆரம்பித்தது. அன்றைக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள். "காசு கீழ விழுந்திரும் போல இருக்கு. நீங்கதான் பக்குவம் தெரிஞ்சவுக. அவுக்காம என்னமாச்சும் செய்ங்க" என்றாள். இருவரும் உட்கார்ந்தோம். நான் மல் துணியை வேகவைத்து உலர்த்திக் கொடுத்தேன், அவள் மங்கின கண்ணோடு விரலால் தடவிப் பழைய முடிச்சின் மேல் அதைச் சுற்றித் தைத்தாள். இடையில் கொஞ்சம் கரித்தூளும் வைத்தோம். அந்தப் பெட்டியின் காரியத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்று அவளோடு சிரித்துப் பேசினேன். உன்னைப் பற்றித்தான் பேசினோம்.

நேற்று மதியம் தட்டுகளைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கையில் அந்த முடிச்சு. தானே ஆணியிலிருந்து எடுத்திருக்கிறாள். "இதையும் வைங்க" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "அவன் காசுதானே? அங்கன வச்சே அவுத்துக்கிடட்டும். கலியாணமும் ஆகப் போகுது, வீடும் ஆயிப்போச்சு. இன்னும் என்னத்துக்கு அத இங்க கட்டி வச்சுக்கிட்டு?" அவள் அழவில்லை. உப்பு இருக்கிறதா பாருங்கள் என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். இத்தனை காலமாக அந்தக் காசை அந்தத் துணியிலிருந்து மீட்க வழக்காடினவன் நான். தீர்ப்பு இப்போது எனக்குச் சாதகமாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. என் கை எழும்பவே இல்லை. "வைக்க இடம் இல்லட்டி" என்றேன்.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தட்டைத் தடவினாள். ஒவ்வொரு காசாக, என்னைவிட மெதுவாக, விளிம்பில் மட்டும் விரல் பட. காலிக் குழியைக் கண்டுபிடித்து அதில் விரலை வைத்தாள். "இடம் இருக்குல்ல?" என்றாள். "இருக்கு. அது காலியாவே போகட்டும். தொறந்து பாக்கும்போது அவனுக்கு என்னமாச்சும் தோணும்" என்றேன். "தோணுமாக்கும்" என்றாள். பிறகு முடிச்சை என் கையில் கொடுத்தாள். முக்காலி போட்டு ஏறி, முழங்கால் திட்டத் திட்ட, அதை அதே ஆணியில் மாட்டினேன்.

ஆகையால் மகனே, பெட்டியைத் திறந்ததும் ஒரு குழி காலியாக இருக்கும். தளவாய்புரத்துக்காரர் மேல் சந்தேகப்படாதே, அவர் உத்தமர். நிக்காஹ் நல்லபடி நடக்கட்டும். எங்கள் துஆ உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு. கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்துவிடு என்று நான் எழுதவில்லை, ஒரு தடவை வா, அவளையும் கூட்டிக்கொண்டு வா என்றுதான் கேட்கிறேன். வந்து உன் கையால் அந்த முடிச்சை அவிழ். உள்ளே சுல்தான் எந்தக் கதியில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அநேகமாகப் பச்சைப் பொடிதான் இருக்கும். இருக்கட்டும். காசு கெடாமல் இருக்க இத்தனை பக்கம் எழுதின நானே சொல்கிறேன், அது போனால் போகட்டும், பொடியைத் துணியோடு நாகூருக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவோம். உன் அம்மாவின் கண்ணில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. வாசலில் வந்து நிற்பது மகன், பக்கத்தில் நிற்பது மருமகள் என்று கண்டுகொள்கிற அளவுக்கு இருக்கிறது. அதைக் கெடாமல் வைத்திருக்க எனக்கு ஒரு பக்குவமும் தெரியவில்லை.

உன் அத்தா